அத்தியாயம் 5: அலுமாரிக்கு மேல் கிடக்கும் சங்கீதம்

"அன்ரி, உங்கட வீட்டில பழைய ரெக்கோட் ஏதும் கிடக்கோ?"

"உதெல்லாம் எப்பவோ போத்தல் பேப்பர்காரருக்குப் போட்டாச்சு, தம்பி."

கொழும்பில் கர்நாடக சங்கீத இசைத்தட்டுத் தேடிப் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முதலில் கேட்கும் பதில் இதுதான். புதியவர்கள் அதோடு எழும்பி வந்துவிடுவார்கள். அனுபவப்பட்டவர்கள் தேத்தண்ணி குடித்து முடியும்வரை இருப்பார்கள். அந்த வீட்டில் யார் பாடினார்கள், யார் வீணை பழகினார்கள், எந்த ஆண்டு இந்த ஒழுங்கைக்குக் குடி வந்தார்கள் என்று பேச்சுப் போகும். கடைசியில், "அலுமாரிக்கு மேல அவற்ற சாமான் கொஞ்சம் கிடக்கு. அதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியாது" என்று அன்ரியே சொல்லுவார். கதிரையில் ஏறி இறக்கினால், தூசு படிந்த காட்போட் பெட்டிக்குள், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய பத்துப் பன்னிரண்டு தட்டுகள் இருக்கும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் சங்கீதத் தட்டு கிடைக்கும் வழி இதுதான். இதற்கென்று கடை தேடி அலைவது வீண். சென்னையின் பழைய மூர் மார்க்கெட் போலவோ மும்பையின் சோர் பஜார் போலவோ ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும் நகரமல்ல கொழும்பு. இங்கே தட்டுகள் வீடுகளில் இருக்கின்றன. ஆகவே சேகரிப்பவருக்கு முதலில் வேண்டியது பணமல்ல, பொறுமையும் பழக்கமும்.

வந்த வழியும் போன வழியும்

இலங்கையின் வானில் முதலில் ஒலித்ததே கிராமபோன் இசைதான். 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையிலிருந்து இசைத்தட்டை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. பின்னர் இந்தியாவில் பி. வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த 1952இல், அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தென்னிந்தியா முழுவதுமே கொழும்பு நோக்கிக் காதைத் திருப்பியது. டொரிங்டன் சதுக்கத்து நிலையத்தின் இசைத்தட்டுக் களஞ்சியம் அந்தக் காலத்தில்தான் பெருகியது.

வீடுகளுக்குள் தட்டுகள் வந்தது அதற்கும் முன்பிருந்தே. கல்கத்தாவில் 1908இல் கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை திறந்தபின், நாய் படம் போட்ட எச். எம். வி. தட்டுகள் கப்பலில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தன. சென்னையில் ஏ. வி. மெய்யப்பன், பிற்காலத்தில் ஏவிஎம் ஸ்டூடியோவைக் கட்டியவர், 1930களின் தொடக்கத்தில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஜேர்மனியின் ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். எச். எம். வி., கொலம்பியா, ஓடியன் ஆகிய இந்த மூன்று பெயர்களும் கொழும்புப் பெட்டிகளில் திரும்பத் திரும்பக் கைக்கு வரும்.

போன வழியைப் பற்றியும் சேகரிப்பவர் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் எந்த வீட்டில் எதை எதிர்பார்க்கலாம் என்று விளங்கும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அந்த ஆண்டுகளின் இந்திய எல்.பி.க்கள் கொழும்பில் குறைவாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானியக் கசற் ரெக்கோடர்கள் வந்து குவிந்தன. ரெக்கோட் பிளேயர்கள் சாமி அறைக்குப் பின்னால் ஒதுங்கின. அடுத்து 1983. ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கிய வன்செயல் மறுநாள் வெள்ளவத்தையையும் தமிழர் வாழ்ந்த மற்றப் பகுதிகளையும் எரித்தது. வீடு எரிந்தவர்கள் உடுத்த துணியோடு அகதி முகாமுக்கும், அங்கிருந்து கப்பலில் யாழ்ப்பாணத்துக்கும் போனார்கள். ஷெலாக் தட்டு சூட்டிலேயே உருகிவிடும், வினைல் எரிந்து கரியாகும். அந்த வீடுகளின் சங்கீதம் அப்படிப் போனது. எரியாமல் தப்பிய வீடுகளிலும் பிள்ளைகள் ரொறன்ரோ, லண்டன், சிட்னி என்று போக, பெற்றோரும் பின்னால் போனார்கள். பயணப் பெட்டிக்குக் கிலோக் கணக்கு உண்டு. இசைத்தட்டு பாரமான சாமான்.

இன்று ஒரு வெள்ளவத்தை வீட்டில் 1983க்கு முந்திய தட்டொன்று முழுதாக இருக்கிறதென்றால், அது இத்தனையையும் தாண்டி வந்திருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போது அந்த நினைவு இருக்கவேண்டும். விலை பேசும்போதும் இருக்கவேண்டும்.

கொட்டாஞ்சேனையும் பஞ்சிகாவத்தையும்

கொட்டாஞ்சேனைப் பெட்டிகள் வெள்ளவத்தைப் பெட்டிகளைப் போல இருக்கமாட்டா. செட்டியார் தெருவின் நகைக்கடைக் குடும்பங்கள், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைச் சுற்றி வாழ்ந்த சைவர்கள், சென். லூசியாஸ் பேராலயத்தைச் சூழ்ந்த கத்தோலிக்கர், பரதர், கொழும்புச் செட்டிகள் என்று பல சமூகத்தவர் கலந்து வாழ்ந்த இடம் அது. ஆகவே ஒரே அடுக்கில் எம். எஸ். சுப்புலட்சுமியும், எம். கே. தியாகராஜ பாகவதரும், கிறிஸ்தவ கீதமும், சிங்கள நூர்த்திப் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சிங்களத் தட்டுகளை ஒதுக்கிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. ஜோன் டி சில்வாவின் நூர்த்தி நாடகங்களுக்கு இசையமைத்தவர் விஸ்வநாத் லௌஜி என்ற இந்திய இசைக்கலைஞர். பழைய சிங்களத் தட்டுகளில் வட இந்திய இராகங்கள் துலக்கமாகவே கேட்கும். சிங்களத் திரையின் முதல் நட்சத்திரமான ருக்மணி தேவி பிறப்பில் டெய்சி ராசம்மா டானியல்ஸ், கொழும்புச் செட்டிக் குடும்பத்துப் பெண். 1939இல் எச். எம். வி.க்காக எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு பாடிய தட்டுத்தான் அவரை நாடறியச் செய்தது. அப்படியொன்று கைக்கு வந்தால் விடக்கூடாது.

வீடுகளுக்கு வெளியே தேடுவதென்றால் மருதானைப் பக்கம் போகவேண்டும். டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் புத்தகத்தோடு வந்த தட்டுகள் சிலவேளை கிடக்கும். பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகங்களுக்கு நடுவே பழைய சாமான் விற்பவர்களும் உண்டு. "பரண தெட்டி தியனவத?" என்று சிங்களத்தில் கேட்டால் போதும், விளங்கும். அவர்களுக்கு பைலாவும் ஒன்று, பைரவியும் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்லுவார்கள். சங்கீதம் தேடுகிறவருக்கு இதைவிட நல்லது வேறில்லை. இப்போது இக்மன் போன்ற இணைய விளம்பரங்களிலும் தட்டுகள் வருகின்றன. அங்கே விலை கூட. படத்தில் மேலுறை மட்டும் இருக்கும், தட்டு இருக்காது. தட்டின் இரு பக்கங்களையும் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படம் கேட்டு வாங்கவேண்டும்.

பறங்கியர் குடும்பங்கள் 1956க்குப் பின் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது விட்டுச்சென்ற பெட்டிகளும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை வீடுகளில் உண்டு. டெக்கா, கொலம்பியா முத்திரையோடு பீத்தோவனும் மோஸாட்டும் அவற்றில் இருப்பார்கள். மேலைச் சங்கீதம் சேகரிப்போருக்கு அது தனி வேட்டை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் பாரம். 10 அங்குலத் தட்டு, கையில் எடுத்தால் கனமாக, விறைப்பாக இருந்தால் அது ஷெலாக். நிமிடத்துக்கு 78 சுற்று. அரக்குப் பூச்சி தரும் பிசினோடு கல்தூள் சேர்த்துச் செய்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட, 12 அங்குலமென்றால் நாலரை நிமிடம். விழுந்தால் பீங்கான் கோப்பை போல உடையும். மெல்லியதாக, சற்று வளைந்து கொடுப்பது வினைல். 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா கொண்டுவந்த 33⅓ சுற்று எல்.பி. இந்த வகை, ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். 7 அங்குல ஈ.பி.க்களும் வினைல்தான்.

இந்த மூன்று நிமிடக் கணக்கு சங்கீதத்தையே மாற்றியது. ஆலாபனையைச் சுருக்கி, சங்கதிகளைக் குறைத்து, சரணத்தை விரைவாகப் பாடி முடித்தார்கள். கச்சேரியில் ஒரு மணி நேரம் பாடப்படும் இராகம் தட்டில் கடுகாக வரும். அதனால் 78 தட்டை மட்டமாக நினைக்கவேண்டாம். 27 வயதில், 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலைக் கேட்க வேறு வழியே இல்லை. 1938இல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பும் ஒருசில தட்டுகளில்தான் எஞ்சியிருக்கிறது. எம். எஸ். பத்து வயதில், 1926இல், தாய் சண்முகவடிவின் வீணையோடு பாடியது இந்த வகைத் தட்டில்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைத் தட்டைத் தேடி அலைபவர்கள் இன்றும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். கோயில் வீதியில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த மண்ணுக்கு அந்தத் தேடல் இயல்பானது.

எல்.பி.யில் எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. எம். எஸ். பாடிய வெங்கடேச சுப்ரபாதம் 1963இல் வந்தது. அடிக்கடி கைக்கு வரும் தட்டு, ஆனால் விடியற்காலை தோறும் ஓடியதால் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். நல்லதாகக் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் பாடிய அதே பயணத்தில் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் அவர் செய்த கச்சேரியும் எல்.பி.யாக வந்தது, அதைக் கண்டால் யோசிக்காமல் எடுக்கவேண்டும். திரைப்படத் தட்டென்று தள்ளிவைத்ததில் இரண்டைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம்: காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் உள்ள 'கொஞ்சும் சலங்கை' (1962), மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த 'தில்லானா மோகனாம்பாள்' (1968).

தட்டைச் சோதிக்க நல்ல வெளிச்சம் போதும். யன்னலருகே போய், தட்டைச் சாய்த்துப் பிடித்து, பள்ளங்களின் நிறத்தைப் பார்க்கவேண்டும். நல்ல தட்டு கருமையாக மினுங்கும். சாம்பல் பூத்தது போலிருந்தால், கனத்த ஊசி உழுத தட்டு. பழைய கிராமபோனின் இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றவேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஷெலாக்கில் உள்ள கல்தூள் ஊசியைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஊசி அடுத்த பக்கத்தின் பள்ளத்தைக் கீறிவிடும். சின்னத் தகரப் பெட்டியில் வந்த ஊசியை மிச்சம் பிடித்த வீடுகளின் தட்டுகள் இரைச்சலாகத்தான் பாடும். 78 தட்டில் முடி போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே மெல்லத் திருப்பிப் பார்ப்பதே நல்ல வழி. எல்.பி.யைக் கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தால் நெளிவு தெரியும்.

தட்டின் நடுவில் ஒட்டிய முத்திரைத் தாளில் உள்ள எண்ணையும் எழுதிக்கொள்ளவேண்டும். எச். எம். வி. எல்.பி.க்களில் ஈ.ஏ.எல்.பி., ஈ.சி.எல்.பி. என்று தொடங்குபவை மோனோ, ஈ.ஏ.எஸ்.டி., ஈ.சி.எஸ்.டி. என்பவை ஸ்டீரியோ. குரலும் வயலினும் மிருதங்கமும் மட்டுமே உள்ள கச்சேரிக்கு மோனோவில் குறை ஒன்றும் இல்லை. மேலுறை மாறிப்போய் வேறு தட்டு உள்ளே இருப்பது சர்வசாதாரணம். வாங்குமுன் வெளியே எடுத்துப் பார்க்காதவர்கள் வீட்டுக்குப் போய்க் கவலைப்படுவார்கள்.

சுருதி தப்பாமல்

78 என்று சொன்னாலும், தொடக்ககாலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78இல் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். குரல் மெலிந்து, பிருகா பதறும். பாடகர் வழக்கமாக எத்தனை கட்டையில் பாடுவார் என்று தெரிந்தவர்கள், சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்துக் கூட்டி ஷட்ஜத்தைப் பிடிப்பார்கள். சங்கீதம் பழகிய ஒருவரை இதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளவத்தையில் அப்படியொருவர் இல்லாத ஒழுங்கை குறைவு.

இன்னொரு சுருதிப் பிரச்சினை கனடாவிலிருந்து வருகிறது. மாமாவோ சித்தப்பாவோ ரொறன்ரோவிலிருந்து ஆசையாகப் பழைய டேர்ன்டேபிள் ஒன்றைக் கொண்டுவந்து தருவார். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். புறக்கோட்டையில் ஒரு டிரான்ஸ்போமர் வாங்கி வோல்டேஜைக் குறைத்துவிடலாம். ஆனால் ஹேர்ட்ஸை அது மாற்றாது. பழைய ஏ.சி. மோட்டர் உள்ள டேர்ன்டேபிள் ஹேர்ட்ஸைப் பார்த்தே சுற்றும். ஆகவே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், 33⅓க்குப் பதிலாக 28க்கும் குறைவாக ஓடும். சுருதி ஒன்றரைக் கட்டைக்கு மேல் இறங்கும். எம். எஸ்.ஸின் குரல் ஆண் குரலாகிவிடும். தட்டுத்தான் பழுதென்று நினைத்து எறிந்தவர்களும் உண்டு. 50 ஹேர்ட்ஸுக்கு உரிய கப்பி மாற்றினால் சரியாகும். அடெப்டரில் ஓடும் டி.சி. மோட்டர் வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. லண்டனிலிருந்தோ சிட்னியிலிருந்தோ வருவதற்கும் இல்லை.

ஊசியிலும் கவனம் வேண்டும். 78 தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து இரையும். இரண்டுக்கும் தனித்தனி ஊசி. விலை மலிந்த சூட்கேஸ் பிளேயர்களின் கை பாரமானது, நல்ல எல்.பி.யை அதில் திரும்பத் திரும்ப ஓட்டக்கூடாது. பழம்பொருள் கடைகளில் மினுங்கும் பித்தளைக் குழல் கிராமபோன்களில் பல, அண்மையில் இந்தியாவில் செய்து நாய் படம் ஒட்டியவை. அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கிட்டப்பாவை அதில் வைக்கக்கூடாது.

கடற்காற்று

வெள்ளவத்தையின் கடற்காற்று மனிதருக்கு நல்லது, தட்டுக்குப் பகை. உப்பும் ஈரமும் சேர்ந்து மேலுறையில் பூஞ்சணம் பிடிக்கும்; டேர்ன்டேபிளின் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கும். மரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடிகளில் மேற்கு யன்னலால் வரும் பின்னேர வெயில் எல்.பி.யை நெளித்துவிடும். தட்டுகளை வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து உயர்த்தி, புத்தகம் போல நேராக நிறுத்தி வைக்கவேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் கீழே உள்ளது வளையும். ஷெலாக் என்றால் வெடிக்கும். கறையான் காகித உறையைத்தான் முதலில் தேடி வரும். மாதம் ஒருமுறை அலுமாரியைத் திறந்து காற்றோட விடுவது எந்த மருந்தைவிடவும் மேல்.

கழுவுவதற்கு வடித்த நீரும் ஒரு துளி மெல்லிய திரவச் சவர்க்காரமும் மென்மையான துணியும் போதும். பள்ளம் போகும் திசையிலேயே துடைத்து, முத்திரைத் தாள் நனையாமல் பார்த்து, நிழலில் காயவைக்கவேண்டும். ஷெலாக்கில் ஸ்பிரிட் படவே கூடாது. தளபாடத்துக்கு அரக்குப் பொலிஷ் பூசும் தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார். தட்டும் அப்படியே கரையும்.

பெயர்களையும் எண்களையும் சரிபார்க்க நினைப்பவர்களுக்கு, மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தின் வெளியீடுகளும், 1908 வரையான இந்தியப் பதிவுகளைப் பட்டியலிட்ட மைக்கல் கின்னியரின் நூலும் உதவும். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் இசைத்தட்டுகளைச் சேர்த்து, அவற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதியும் வந்தார். ஒரு தனிமனிதர் எவ்வளவு காப்பாற்ற முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

கொழும்பின் தட்டுகளுக்கு அப்படியொரு பட்டியல் இன்னும் எழுதப்பட வேண்டும். அதை எழுத வேண்டிய தகவல் முத்திரைத் தாளில் இல்லை, வீட்டில் இருக்கிறது. உறையின் மூலையில் கடைக்காரரின் சின்ன ஒட்டுத்தாள், மை கலைந்த ஒரு பெயர், "கலியாணப் பரிசு" என்ற எழுத்து, ஒரு திகதி. இவற்றைத் துடைக்கவோ கிழிக்கவோ கூடாது. தட்டை வாங்கி வரும்போது, யார் வாங்கியது, எந்த ஆண்டு, எந்த வீட்டில் ஓடியது, யார் கேட்டார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் வைக்கவேண்டும். குடும்பத்தார் விரும்பினால் பாட்டைக் கணினியில் பதிந்து ஒரு பிரதியை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைக்கு அது போய்ச் சேரும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கும் முத்திரைத் தாள்களின் படங்களைக் கொடுத்து வைக்கலாம்.

தட்டுகளின் கதை தெரிந்த அன்ரிமாருக்கு இப்போது எண்பது வயது தாண்டுகிறது. அடுத்த ஞாயிறு பின்னேரம் ஒரு வீட்டுக்காவது போய் வாருங்கள்.